அயர்லாந்தின் நவீனத்துவப் புனைகதையை வாசிப்பது எப்படி? ஜாய்ஸின் ‘த டெட்’ கதையை முன்வைத்து

ஜாய்ஸின் ‘யுலிசீஸ்’ நாவலை ஆசையோடு வாங்கி மூன்றாவது அத்தியாயத்தில் மூடிவைத்தவர்கள் நிறையப் பேர். அந்த அத்தியாயத்தில் ஸ்டீபன் டெடாலஸ் கடற்கரையில் நடக்கிறான். வெளியே பெரிதாக எதுவும் நடப்பதில்லை. அவன் மனதுக்குள்தான் லத்தீன், பிரெஞ்சு, இறையியல், தாயின் மரணம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுகின்றன. நாலு பக்கம் தாண்டுவதற்குள் ‘நமக்கு இதற்கெல்லாம் அறிவு போதாது’ என்று வாசகர் முடிவு கட்டிவிடுகிறார். அறிவில் ஒரு குறையும் இல்லை. எந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்துக்குள் போவது என்று யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

ஆய்வாளர்கள் ‘அணுகுமுறை’ என்று சொல்வது உண்மையில் இப்படிப்பட்ட ஒரு கேள்வியைத்தான். ‘இந்தச் சொல் யாருடையது?’ என்று கேட்டால் ஒரு அணுகுமுறை. ‘இந்தப் பொருள் எங்கிருந்து வந்தது, யார் ஆட்சியில் வந்தது?’ என்று கேட்டால் இன்னொன்று. ‘இந்த வரி முதல் படியில் எப்படி இருந்தது?’ என்று கேட்டால் மூன்றாவது. ஒவ்வொரு கேள்வியும் சிலவற்றை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும், சிலவற்றை மறைக்கும். கோட்பாட்டு நூல்களை முதலில் படித்துவிட்டுக் கதைக்கு வருவது தலைகீழான வழி. ஒரு கதையை எடுத்துக்கொண்டு இந்தக் கேள்விகளை அதனிடமே கேட்டுப் பார்ப்பது நல்லது.

அதற்கு மிகத் தோதான கதை ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘த டெட்’ (இறந்தவர்கள்). 1907இல் எழுதப்பட்டு, 1914இல் வெளிவந்த ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் 15ஆவது, கடைசிக் கதையாக அச்சேறியது. சுமார் 15,000 சொற்கள். நிதானமாக வாசித்தால் இரண்டு மணி நேரம் ஆகும். காப்புரிமை முடிந்துவிட்டதால் புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

கதைச் சுருக்கம் இது. டப்ளினில், லிஃபி ஆற்றங்கரையில், கேட், ஜூலியா என்ற இரண்டு வயதான சகோதரிகளும் அவர்களுடைய சகோதரர் மகள் மேரி ஜேனும் குளிர்காலத்தில் ஆண்டுதோறும் ஒரு விருந்து கொடுக்கிறார்கள். அவர்களுடைய அக்காள் மகன் கேப்ரியல், மனைவி கிரெட்டாவுடன் வருகிறான். ஆசிரியர் வேலை பார்ப்பவன், பத்திரிகைக்குப் புத்தக மதிப்புரையும் எழுதுபவன். வீட்டு வேலைக்காரப் பெண் லிலியிடம் பேச்சுக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்கிறான். மிஸ் ஐவர்ஸ் என்ற தேசியவாதிப் பெண்ணிடமும் அதே கதி. பிறகு வாத்துக்கறி அறுத்துப் பரிமாறுகிறான், விருந்தோம்பலைப் புகழ்ந்து சொற்பொழிவு ஆற்றுகிறான். கிளம்பும் நேரத்தில் மாடியில் யாரோ பாடும் ஒரு பழைய பாட்டை கிரெட்டா படிக்கட்டில் அசையாமல் நின்று கேட்கிறாள். அன்றிரவு கிரெஷம் ஓட்டல் அறையில், கால்வே ஊரில் தன்னை நேசித்து 17 வயதில் இறந்துபோன மைக்கேல் ஃப்யூரி என்ற பையனைப் பற்றிச் சொல்லி அழுதபடியே தூங்கிப்போகிறாள். கேப்ரியல் ஜன்னலுக்கு வெளியே பனி பெய்வதைப் பார்க்கிறான். அவ்வளவுதான் கதை.

முதல் வாசிப்பில் பென்சில் வேண்டாம், குறிப்புரை வேண்டாம். விருந்தில் இத்தனை பேர் எதற்கு என்ற குழப்பம் வரும், வரட்டும். இரண்டாம் வாசிப்புக்குத்தான் பென்சில். கீழே வரும் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு தனிக்குறி வைத்துக்கொள்ளலாம்.

இந்தச் சொல் யாருடையது?

நுண்வாசிப்பு என்று சொல்லப்படுவதன் முதல் பாடம் இதுதான். கதையின் முதல் வாக்கியமே பயிற்சிக்குப் போதும். காவல்காரர் மகள் லிலி ‘லிட்டரலி’ ஓடி ஓடிக் கால் தரையில் பாவாமல் இருந்தாள் என்று அது சொல்கிறது. ‘லிட்டரலி’ என்றால் அட்சரசுத்தமாக, சொன்னது சொன்னபடியே என்று அர்த்தம். ஒருத்தியின் கால் அட்சரசுத்தமாகத் தரையை விட்டுப் போக முடியாது. அப்படியானால் ஆங்கில நடையில் அத்தனை கவனமுள்ள ஜாய்ஸ் முதல் வரியிலேயே பிழை விட்டாரா?

பிழை இல்லை. அந்தச் சொல் லிலியின் சொல். அவள் தன் களைப்பைத் தோழியிடம் சொன்னால் அப்படித்தான் சொல்லுவாள். வாக்கியம் படர்க்கையில் இருக்கிறது, மேற்கோள்குறி இல்லை, ‘என்று நினைத்தாள்’ இல்லை. ஆனாலும் அவளுடைய வாய்மொழி உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டது. பள்ளி இலக்கணத்தில் படித்த நேர்கூற்றும் இல்லை, அயற்கூற்றும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் ஒன்று. விமர்சகர் ஹ்யூ கென்னர் 1978இல் ‘ஜாய்ஸஸ் வாய்ஸஸ்’ நூலில் இதற்கு ‘அங்கிள் சார்லஸ் விதி’ என்று பெயர் வைத்தார். பெயர் வந்த கதை சுவையானது. ‘எ போர்ட்ரெயிட் ஆஃப் தி ஆர்ட்டிஸ்ட் அஸ் எ யங் மேன்’ நாவலில், அங்கிள் சார்லஸ் புகைபிடிக்கக் கொல்லைப்புறக் கொட்டகைக்குப் போவதைச் சொல்ல ஜாய்ஸ் ஓர் ஆடம்பரமான வினைச்சொல்லைப் போடுகிறார். தமிழில் ‘கொட்டகைக்கு எழுந்தருளினார்’ என்று எழுதினால் காதில் எப்படி விழுமோ அப்படி. மட்டமான எழுத்து என்று எழுத்தாளர் விண்டம் லூயிஸ் கண்டித்தார். கென்னரின் பதில்: அது அங்கிள் சார்லஸே தன்னைப் பற்றி எழுதினால் போடக்கூடிய சொல், கதைசொல்லி அவர் பக்கத்தில் வந்ததும் அவர் மொழியின் வாசனை ஒட்டிக்கொள்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் ‘த டெட்’ கதையின் புகழ்பெற்ற முடிவு வேறு மாதிரி தெரியும். அயர்லாந்து முழுவதும் பனி ‘ஜெனரல்’ ஆக இருந்தது என்று வருகிறதே, அந்த வரியைக் கவித்துவத்தின் உச்சம் என்று பலர் மேற்கோள் காட்டுவார்கள். இரண்டாம் வாசிப்பில் கொஞ்சம் பின்னால் போய்ப் பாருங்கள். விருந்து முடிந்து எல்லாரும் கிளம்பும்போது, பனி நாடெங்கும் ‘ஜெனரல்’ என்று காலைப் பேப்பரில் படித்ததாக மேரி ஜேன் சொல்கிறாள். வானிலை அறிக்கையின் வறட்டுச் சொல் அது. கேப்ரியல் மனம் உடைந்து நிற்கிற நேரத்தில் அவனுக்குக் கிடைக்கிற சொல்லும் அதுதான். பேப்பர் சொன்னது சரிதான் என்றே அந்த வாக்கியம் ஆரம்பிக்கிறது. அதே பேப்பர்ச் சொல் கடைசிப் பத்தியில் கல்லறைகள்மேல் பெய்யத் தொடங்கிவிடுகிறது. ஜாய்ஸின் கைத்திறன் அங்கேதான் இருக்கிறது. குறியீட்டு அகராதியைப் புரட்டி ‘பனி என்றால் மரணம்’ என்று எழுதிவிட்டால் இது கண்ணில் படாமலே போய்விடும்.

இரண்டாம் வாசிப்பில் செய்ய வேண்டியது: கதைசொல்லியின் வாக்கியத்தில் ஒரு சொல் அளவுக்கு மீறிப் பகட்டாகவோ, தேய்ந்ததாகவோ, உணர்ச்சி மிகுந்ததாகவோ இருந்தால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் ஒரு பெயர் எழுதுங்கள். கடைசிப் பக்கத்தில் கேப்ரியலின் கண்களில் ‘தாராளமான’ கண்ணீர் நிறைந்தது என்று வருகிறது. தாராளம் என்று சொல்வது யார்? கதைசொல்லியா, தன்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துக்கொள்ள விரும்பும் கேப்ரியலா? பெயர் எழுத முடியாமல் பென்சில் தயங்குகிற இடம் அது. தயங்குகிற இடங்களுக்கு ஒரு கேள்விக்குறி போட்டு வையுங்கள். நல்ல கட்டுரைகள் பெரும்பாலும் அந்தக் கேள்விக்குறிகளிலிருந்துதான் பிறக்கின்றன.

இது எந்த ஆண்டு, எந்த ஊர், எவ்வளவு காசு?

ஜாய்ஸ் 1904இல் டப்ளினை விட்டுக் கிளம்பியவர், பிறகு சில தடவை வந்துபோனதோடு சரி. ஆனால் எழுதியதெல்லாம் டப்ளின்தான், தெருவின் பெயர், கடையின் பெயர், நாணயத்தின் அளவு உட்பட. அதனால் குறிப்புரை எழுதுவதே ஒரு தனி ஆய்வுத் துறையாக வளர்ந்தது. ‘யுலிசீஸ்’ நாவலுக்கு டான் கிஃபோர்ட் செய்த விரிவான குறிப்புரை 1974இல் வந்தது, திருத்திய பதிப்பு 1988இல்.

குறிப்புரை என்ன செய்யும் என்பதற்கு ஓர் உதாரணம். விருந்தில் கேட் சித்தி கோபமாக ஒன்று சொல்கிறாள்: வாழ்நாள் முழுக்கக் கோயில் பாடகர் குழுவில் உழைத்த பெண்களை வெளியே தள்ளிவிட்டுப் பொடிப்பையன்களைக் கொண்டுவந்து வைப்பது போப்பாண்டவருக்கு அழகில்லை என்கிறாள். அவள் சகோதரி ஜூலியா பல ஆண்டுகள் பாடிய இடம் அது. இது வெறும் முணுமுணுப்பு இல்லை. போப் பத்தாம் பயஸ் 1903 நவம்பரில் திருச்சபை இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். பெண்கள் பாடகர் குழுவில் இருக்கக் கூடாது, உச்சக் குரல் வேண்டுமானால் சிறுவர்களை வைத்துக்கொள்ளலாம் என்றது அந்த ஆணை. இதை வைத்துத்தான் விருந்து 1904 ஜனவரியில் நடப்பதாக ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். ஒரே குறிப்பு கதைக்குத் தேதி தருகிறது. ஜூலியா அன்றிரவு பாடும் பாட்டுக்கும் வேறு கனம் வந்துவிடுகிறது.

கேப்ரியல் ‘டெய்லி எக்ஸ்பிரஸ்’ பேப்பரில் புதன்தோறும் எழுதுகிறான், சம்பளம் 15 ஷில்லிங். அந்தப் பேப்பர் பிரிட்டனோடு இணைந்திருப்பதை ஆதரித்த பேப்பர் என்று தெரிந்தால்தான் மிஸ் ஐவர்ஸ் அவனை ‘வெஸ்ட் பிரிட்டன்’ என்று சீண்டுவதன் கூர்மை புரியும். மேற்குப் பிரிட்டன்காரன், அயர்லாந்துக்காரனே இல்லை என்கிறாள்.

இந்த முறையில் வழக்கமாக நடக்கும் தவறு ஒன்று உண்டு. வரிக்கு வரி குறிப்புரைக்குத் தாவினால் வாக்கியத்தின் ஓட்டம் அறுந்துவிடும். பத்துப் பக்கத்துக்குள் சலிப்புத் தட்டும். ஓர் அத்தியாயத்தை முழுதாக, புரியாததைப் புரியாமலே விட்டு வாசித்துவிட்டுப் பிறகு குறிப்புரையைத் திறங்கள். திரும்ப வாசிக்கும்போது எந்தக் குறிப்பு கதையை மாற்றியதோ அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மற்றதெல்லாம் தகவல்.

குதிரை சுற்றிய சிலை

‘த டெட்’ கதையில் நம் வாசகர்களுக்கு மிக நெருக்கமாகத் தெரியக்கூடிய வாசல் இதுதான் என்று தோன்றுகிறது. கிளம்பும் நேரத்தில் கேப்ரியல் தன் தாத்தா பாட்ரிக் மார்க்கனைப் பற்றி ஒரு வேடிக்கைக் கதை சொல்கிறான். தாத்தாவிடம் ஜானி என்று ஒரு குதிரை. கஞ்சிமாவு (ஸ்டார்ச்) ஆலையில் செக்கு மாடு மாதிரி வட்டமாகச் சுற்றிச் சுற்றி நடந்து பழகியது. ஒரு நாள் தாத்தா அதை வண்டியில் பூட்டிக்கொண்டு ஜம்பமாக ஊர்வலம் போகிறார். மன்னர் வில்லியத்தின் குதிரைச் சிலை கண்ணில் பட்டதும் ஜானி ஆலை ஞாபகத்தில் சிலையைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. எல்லாரும் சிரிக்கிறார்கள்.

இங்கிலாந்தின் புராட்டஸ்டண்ட் மன்னன் மூன்றாம் வில்லியம் 1690இல் பாய்ன் ஆற்றுப் போரில் கத்தோலிக்க மன்னரை வென்றவன். டப்ளின் காலேஜ் கிரீன் பகுதியில் 1701இல் வைத்த அவனுடைய சிலை, வெற்றி பெற்றவர்களின் ஆட்சிக்கே அடையாளமாக நின்றது; 1928இல் குண்டுவைத்துச் சேதப்படுத்தப்பட்டது. கீழ்ப்படிந்து பழகிய விலங்கு, அவிழ்த்து ஓட்டினாலும் தன்னை ஆண்ட மன்னனின் சிலையைச் சுற்றுகிறது. இதற்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் ஜாய்ஸ் இதோடு நிறுத்தவில்லை. கதை சொல்லும்போது கேப்ரியல் தன் ரப்பர் காலணியோடு கூடத்தில் வட்டமாக நடந்து காட்டுகிறான். குதிரையாக நடிக்கிறவன் யார் என்று பாருங்கள். அந்த மேல்காலணியை ‘கட்டபெர்ச்சா’ சாமான் என்று கிரெட்டா முன்பே சொல்லியிருக்கிறாள்; ஐரோப்பாவில் எல்லாரும் போடுகிறார்கள் என்பது கேப்ரியலின் பெருமை. கட்டபெர்ச்சா மலாய்ப் பகுதி மரங்களிலிருந்து வடித்த பால். டப்ளின் வீட்டுக் கூடத்தில் சாம்ராஜ்யத்தின் சரக்கைக் காலில் மாட்டிக்கொண்டு ஒருவன் மன்னன் சிலையைச் சுற்றிய குதிரையை நடித்துக் காட்டுகிறான்.

இந்தப் பொருள் யார் ஆட்சியில் வந்தது என்று கேட்கும் வழக்கம் 1980களில் வலுப்பெற்றது. அதற்கு முன் ஜாய்ஸையும் சாமுவேல் பெக்கெட்டையும் ‘ஐரோப்பிய மேதைகள்’ என்று மட்டுமே பார்க்கும் போக்குதான் மேலோங்கியிருந்தது. வட அயர்லாந்தில் வன்முறை நடந்துகொண்டிருந்த காலத்தில், 1980இல், நாடகாசிரியர் பிரையன் ஃப்ரீலும் நடிகர் ஸ்டீபன் ரேயும் டெரி நகரில் ‘ஃபீல்ட் டே’ என்ற நாடகக் குழுவைத் தொடங்கினார்கள். அது சிறு நூல்களையும் வெளியிட்டது. 1988இல் விமர்சகர்கள் டெரி ஈகிள்டன், ஃப்ரெட்ரிக் ஜேம்சன், எட்வர்ட் சயீத் மூவரும் ஆளுக்கொன்று எழுதினார்கள். அயர்லாந்து ஐரோப்பாவுக்குள்ளேயே இருந்த காலனி, அதன் நவீனத்துவ வடிவங்களை அந்த உண்மையிலிருந்து பிரிக்க முடியாது என்ற வாதம் அங்கிருந்து பரவியது. 1995இல் மட்டும் டெக்லன் கைபர்டின் ‘இன்வென்டிங் அயர்லாந்து’, வின்சென்ட் செங்கின் ‘ஜாய்ஸ், ரேஸ், அண்ட் எம்பயர்’, எமர் நோலனின் ‘ஜேம்ஸ் ஜாய்ஸ் அண்ட் நேஷனலிசம்’ என மூன்று முக்கிய நூல்கள் வந்தன.

எதிர்ப்பும் இருந்தது. அரசியல் அட்டவணைக்குள் இலக்கியத்தைத் திணிக்கிறார்கள் என்று பெல்ஃபாஸ்ட் விமர்சகர் எட்னா லாங்லி தொடர்ந்து வாதிட்டார். இன்னொரு சிக்கல்: அயர்லாந்துக்காரர்களே பிரிட்டிஷ் பட்டாளத்திலும் நிர்வாகத்திலும் பெருமளவில் வேலை பார்த்தவர்கள், இந்தியாவிலும்தான். ஆளப்பட்டவர்களும் அவர்கள், ஆளக் கைகொடுத்தவர்களும் அவர்கள். 2000இல் டெரெக் அட்ரிட்ஜும் மார்ஜரி ஹவ்ஸும் தொகுத்த நூலின் பெயர் ‘செமிகலோனியல் ஜாய்ஸ்’. ‘ஃபின்னெகன்ஸ் வேக்’ நாவலில் ஜாய்ஸே அரைக்காலனியையும் அரைப்புள்ளியையும் ஒன்றாக்கிச் செய்த சொல்விளையாட்டு அது. கேப்ரியலின் நிலையைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான சொல் கிடைப்பது கடினம்.

தமிழ்நாட்டோடும் ஒரு நூல் இங்கே இழையோடுகிறது. 1904இல் ஜாய்ஸ் தங்க இடமில்லாமல் திண்டாடியபோது சில நாட்கள் இடம் கொடுத்தவர்கள் ஜேம்ஸ் கசின்ஸ், மார்கரெட் கசின்ஸ் தம்பதி. பழைய அயர்லாந்து மரபை மீட்க முயன்ற இலக்கிய மறுமலர்ச்சி வட்டத்தைச் சேர்ந்த கவிஞரான ஜேம்ஸ் கசின்ஸ் 1915இல் அன்னி பெசன்ட்டின் ‘நியூ இந்தியா’ பத்திரிகையில் வேலை பார்க்கச் சென்னை வந்தார். 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் மார்கரெட்டும் ஒருவர். மிஸ் ஐவர்ஸ் பேசும் மறுமலர்ச்சி ஆர்வம் எந்த மாதிரி மனிதர்களிடம் இருந்தது, எங்கெல்லாம் போனது என்பதற்கு இது கண்ணெதிரே உள்ள சாட்சி.

இந்த அணுகுமுறை சறுக்குவது உருவகத்தில். கிரெட்டா என்றால் அயர்லாந்து, கேப்ரியல் என்றால் இங்கிலாந்து, மைக்கேல் என்றால் பழைய கேலிக் (ஐரிஷ் மொழிக்) கலாச்சாரம் என்று சமன்பாடு போட்டுவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும். சரிபார்க்க எளிய வழி இருக்கிறது. உங்கள் சமன்பாட்டுக்கு ஒத்துவராத விவரம் ஒன்றைத் தேடுங்கள். மைக்கேல் ஃப்யூரி எரிவாயுத் தொழிற்சாலையில் வேலை பார்த்த பையன். பழமையின் குறியீடாக மட்டும் இருக்க வேண்டியவனுக்கு அந்த வேலை எதற்கு?

யார் பேச்சு பாதியில் நிற்கிறது?

பெண்ணிய வாசிப்பை ஆரம்பிக்க ஒரு நல்ல பயிற்சி: கதையில் பெண்கள் எதிர்த்துப் பேசும் இடங்களை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரில் அடுத்து என்ன நடக்கிறது என்று குறியுங்கள். இந்தக் காலத்து ஆம்பிளைகள் வெறும் வாய்ப்பேச்சு, உன்னிடமிருந்து என்ன கறக்கலாம் என்றுதான் பார்ப்பார்கள் என்று லிலி கசப்போடு சொல்கிறாள். கேப்ரியல் அவள் கையில் ஒரு நாணயத்தைத் திணித்துவிட்டு மாடிக்கு ஓடுகிறான். மிஸ் ஐவர்ஸ் மடக்கிக் கேட்கிறாள். சாப்பிடாமலே கிளம்பிப் போகிறாள். கேட் போப்பைக் கண்டிக்கிறாள். வேற்று மதப்பிரிவுக்காரர் மிஸ்டர் பிரவுன் இருக்கிறார் என்று நினைவூட்டி மேரி ஜேன் அடக்குகிறாள். மூன்று எதிர்ப்பு, மூன்றும் பணத்தாலோ மரியாதையாலோ அமுக்கப்படுகின்றன. மார்கோ நாரிஸ் 1989இல் எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது: கதையின் மேல்தளத்து அழகான ஆண்குரலுக்கு அடியில், அடக்கப்பட்ட பதில்கள் கிடக்கின்றன.

படிக்கட்டுக் காட்சியை இப்போது திரும்பப் பாருங்கள். கிரெட்டா நிழலில் நிற்கிறாள். தான் ஓவியனாக இருந்தால் இதை வரைந்து ‘டிஸ்டன்ட் மியூசிக்’ என்று பெயர் வைப்பேன் என்று கேப்ரியல் நினைக்கிறான். அவள் பாவாடையின் நிறங்கள் நிழலில் கறுப்பு வெள்ளையாகத் தெரிவது வரை கவனிக்கிறான். அவள் என்ன கேட்கிறாள் என்பதை மட்டும் கேட்கவில்லை. பாட்டு ‘தி லாஸ் ஆஃப் ஆக்ரிம்’. ஒரு பிரபுவால் கைவிடப்பட்ட ஏழைப் பெண், மழையில் நனைந்தபடி கைக்குழந்தையோடு அவன் வாசலில் நிற்கும் பாட்டு. மாலையில் லிலி சொன்ன வாக்கியம்தான் அது, இசையோடு திரும்பி வருகிறது. ஆக்ரிம் என்ற ஊரில்தான் 1691இல் வில்லியத்தின் படை கத்தோலிக்கப் படையை நொறுக்கியது என்பதால், முந்தைய கேள்வியும் இந்தக் கேள்வியும் இங்கே ஒரே இடத்தில் வந்து முட்டுகின்றன.

விமர்சன உலகமே இந்தப் பாடத்தைக் கஷ்டப்பட்டுத்தான் கற்றது. ஃபீல்ட் டே 1991இல் மூன்று பெரிய தொகுதிகளாக அயர்லாந்து எழுத்தின் தொகைநூலை வெளியிட்டபோது பெண்களுக்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. கடும் கண்டனம் எழுந்தது. பெண்கள் எழுத்துக்கென்றே நான்காவது, ஐந்தாவது தொகுதிகள் 2002இல் வந்தன. காலனியத்தைக் கூர்மையாகக் கண்டவர்களுக்கே இது தெரியாமல் போயிற்று என்பதை மறக்கக் கூடாது.

அச்சுக்கு முன் என்ன இருந்தது?

நம் உ.வே.சா. மரபில் பழகிய வாசகருக்கு இந்த அணுகுமுறை அந்நியமாக இருக்காது: எந்தச் சுவடியில் எந்தப் பாடம்? ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பின் முதல் கதை ‘தி சிஸ்டர்ஸ்’ 1904 ஆகஸ்டில் ‘ஐரிஷ் ஹோம்ஸ்டெட்’ என்ற விவசாயப் பத்திரிகையில் ஸ்டீபன் டெடாலஸ் என்ற புனைபெயரில் வந்தது. தொகுப்பில் உள்ள கதையோடு அதை ஒப்பிட்டால், முதல் பத்தியில் சிறுவனின் காதில் விநோதமாக ஒலிக்கும் மூன்று சொற்களும் பத்திரிகை வடிவத்தில் இல்லை என்று தெரியும்: பக்கவாதம், திருச்சபைப் பதவியை விற்கும் பாவமான சிமொனி, நோமன். நோமன் வடிவியல் சொல். ஓர் இணைகரத்தின் மூலையிலிருந்து அதே வடிவத்தில் சிறிய இணைகரம் ஒன்றை வெட்டி எடுத்தால் எஞ்சி நிற்பது. அதாவது, இல்லாத துண்டால் வடிவம் பெறும் உருவம். ஜாய்ஸ் இதைப் பிறகு சேர்த்தார் என்று தெரிந்ததும், கிழவர் காட்டரின் முடியாத வாக்கியங்களும், பாதிரியாருக்கு உண்மையில் என்ன ஆயிற்று என்பதைக் கதை சொல்லாமல் விடுவதும் திட்டமிட்ட இடைவெளிகள் என்று உறுதியாகச் சொல்ல முடிகிறது.

‘யுலிசீஸ்’ விஷயத்தில் சிக்கல் பெரிது. 1922 பிப்ரவரி 2 அன்று பாரிஸில் சில்வியா பீச் வெளியிட்ட 1,000 பிரதிகளும் பிரான்ஸின் டிஜோன் நகரில், ஆங்கிலம் தெரியாத அச்சுக்கோப்பாளர்கள் கோத்தவை. ஜாய்ஸ் மெய்ப்புத் திருத்தும்போதே ஓரங்களில் எழுதி எழுதி நாவலைப் பெருக்கினார். பிழைகள் குவிந்தன. சில ‘திருத்தங்கள்’ பிழையைவிடக் கெடுதல். பாரிஸிலிருந்த ஸ்டீபனுக்கு அப்பா அனுப்பிய தந்தியை அவன் மூன்றாம் அத்தியாயத்தில் நினைத்துக்கொள்கிறான். தாய் சாகக் கிடக்கிறாள், வீட்டுக்கு வா என்பது செய்தி. ஜாய்ஸ் எழுதியதோ ‘மதர்’ இல்லை, ‘நதர்’. பிரெஞ்சுத் தந்தி அலுவலகத்தில் ஒரு எழுத்து மாறிவிட்டது. அதனால்தான் ஸ்டீபன் அதை வேடிக்கை காட்ட வேண்டிய பொருளாக நினைக்கிறான். யாரோ அக்கறையாக ‘மதர்’ என்று திருத்திவிட்டார்கள். பல பத்தாண்டுகள் வாசகர்கள் இதில் என்ன வேடிக்கை என்று தெரியாமலே படித்தார்கள். ஹான்ஸ் வால்டர் காப்ளர் 1984இல் கொண்டுவந்த மூன்று தொகுதி ஆய்வுப் பதிப்பு ‘நதர்’ என்பதை மீட்டது. மொத்தம் 5,000க்கும் மேற்பட்ட திருத்தங்கள். 1988இல் ஜான் கிட் அதன்மீது கடுமையான குற்றச்சாட்டுகளை வைத்தார். பெயர்களே சில தவறாகப் போயின என்று காட்டினார். விவாதம் இன்னும் அடங்கவில்லை.

வாங்குபவருக்கு இதன் பயன்: கட்டுரை எழுதுவதானால் காப்ளர் பதிப்பு, ஏனென்றால் ஆய்வாளர்கள் அத்தியாய எண், புள்ளி, வரி எண் என்று அதை வைத்தே மேற்கோள் காட்டுகிறார்கள். முதல் பதிப்பு எப்படி இருந்தது என்று பார்க்க ஆக்ஸ்ஃபோர்ட் வேர்ல்ட்ஸ் கிளாசிக்ஸ் வெளியிட்ட 1922 பாடம். எதை வைத்தாலும் எந்தப் பதிப்பு என்று எழுதாமல் மேற்கோள் காட்டாதீர்கள்.

ஹோமரின் ‘ஒடிசி’யோடு 18 அத்தியாயங்களையும் பொருத்தும் அட்டவணை பற்றியும் சொல்லிவிட வேண்டும். அத்தியாயங்களுக்கு நாம் பயன்படுத்தும் ஹோமர் பெயர்கள் நூலில் அச்சாகவே இல்லை. ஜாய்ஸ் நண்பர்களுக்குக் கொடுத்த அட்டவணைகளிலிருந்து வந்தவை அவை. ஸ்டூவர்ட் கில்பர்ட் 1930இல் ஒன்றைத் தன் நூலில் பரப்பினார். 1920இல் கார்லோ லினாட்டிக்குக் கொடுத்தது அதோடு முழுதாக ஒத்துப்போவதில்லை. நூலாசிரியரே இரண்டு சாவி கொடுத்தால் எதையும் ஒரே சாவி என்று நம்பக் கூடாது. வாழ்க்கை வரலாற்று வாசிப்புக்கும் இதே எச்சரிக்கை. ஜாய்ஸின் மனைவி நோரா பார்னகிள் கால்வே ஊர்க்காரர். அவரை நேசித்து இளம்வயதில் இறந்த மைக்கேல் பாட்கினிலிருந்து ஃப்யூரி உருவானான் என்று ரிச்சர்ட் எல்மன் தன் 1959 வாழ்க்கை வரலாற்றில் காட்டினார். கதை எங்கிருந்து வந்தது என்பதற்கு அது பதில். கதை என்ன செய்கிறது என்பதற்குப் பதில் அங்கே இல்லை.

ஜாய்ஸிலிருந்து நகரும்போது

எல்லாக் கேள்வியும் எல்லா எழுத்தாளரிடமும் ஒரே பலன் தராது. எலிசபெத் போவனின் ‘தி லாஸ்ட் செப்டம்பர்’ (1929) நாவலுக்கு வரலாற்றுக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள். 1920இல், விடுதலைப் போர் நடுவில், கார்க் மாவட்டத்தில், ஆங்கிலேய வம்சாவளி நிலவுடைமையாளர்களான ஆங்கிலோ-ஐரிஷ் குடும்பத்தின் மாளிகையில் டென்னிஸ் ஆடுகிறார்கள்; வெளியே துப்பாக்கிச் சூடு. யாரும் அதைப் பற்றி முழு வாக்கியத்தில் பேசுவதில்லை. மாளிகை கடைசியில் எரிகிறது. போவனின் வாக்கியங்கள் முறுக்கிக்கொண்டு திரும்புவதைப் பலர் குறையாகச் சொல்வார்கள். பேசக் கூடாததைச் சுற்றிப் போகும் ஒரு வகுப்பின் இலக்கணம் அது.

ஃபிளான் ஓ’பிரையனின் ‘அட் ஸ்விம்-டூ-பேர்ட்ஸ்’ (1939) மூன்று தொடக்கங்களோடு ஆரம்பிக்கிறது. வடிவத்தைப் பற்றிய கேள்வியே போதும் என்று தோன்றும். ஆனால் மூன்று தொடக்கங்களுக்கும் தனித்தனி மொழிநடை இருப்பதையும், அவற்றில் ஒன்று பழைய கேலிக் காவியங்களைப் படிக்கும்படி ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களின் நடை என்பதையும் கவனித்தால் மொழி அரசியல் உள்ளே வந்துவிடும்.

பெக்கெட்டிடம் ‘அயர்லாந்து எங்கே?’ என்று கேட்பது வீண் என்று நீண்ட காலம் நினைத்தார்கள்; மனித இருப்பின் வெறுமை என்றே எழுதினார்கள். ‘மொலாய்’ (1951) நாவலின் இரண்டாம் பாதி மோரன் என்ற ஏஜென்ட் எழுதும் அறிக்கை; நள்ளிரவு, ஜன்னலில் மழை அடிக்கிறது என்று தொடங்கும். கடைசியில் அதே அறிக்கையை எழுத உட்காரும் மோரன் அதே வரியை எழுதுகிறான். உடனே, நள்ளிரவு இல்லை, மழை பெய்யவில்லை என்று நாவல் முடிகிறது. இதைத் தத்துவமாகவும் படிக்கலாம். 1942இல் தன் எதிர்ப்பியக்கக் குழு காட்டிக்கொடுக்கப்பட்டதால் நாஜிகளிடமிருந்து தப்பி ஓடிய ஒருவர், மேலிடத்துக்கு அறிக்கை எழுதும் ஓர் ஏஜென்ட்டைப் பற்றி எழுதியது என்றும் படிக்கலாம். பெக்கெட் பிரெஞ்சில் எழுதி, பாட்ரிக் பவுல்ஸோடு சேர்ந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த நூல் என்பதால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்க முடிந்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

ஆங்கிலத்தில் எழுதாதவர்களை விட்டுவிடுவதுதான் இந்தத் துறையின் பழைய குறை. மார்ட்டீன் ஓ கைன் ஐரிஷ் மொழியில் எழுதிய ‘க்ரே ந கில்லெ’ 1949இல் வந்தது. ஆங்கிலத்தில் வர 2015 ஆயிற்று. ‘தி டர்ட்டி டஸ்ட்’ என்ற ஆலன் டிட்லியின் மொழிபெயர்ப்பு அது. அடுத்த ஆண்டே லியம் மக் கோன் யோமரும் டிம் ராபின்சனும் ‘கிரேவ்யார்ட் கிளே’ என்று இன்னொன்றைக் கொண்டுவந்தார்கள். ஐரிஷ் தெரியாதவர்கள் ஒரே பக்கத்தை இரண்டிலும் வைத்து ஒப்பிடுங்கள். இரண்டும் எங்கே விலகுகின்றனவோ அங்கே மூலத்தில் ஏதோ முரட்டுத்தனமான உயிர் இருக்கிறது என்று ஊகிக்கலாம்.

‘த டெட்’ படித்த கையோடு ஓ கைனின் நாவலைத் திறந்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது. மைக்கேல் ஃப்யூரியைப் புதைத்தது கால்வேக்கு அப்பால் ஊக்டரார்டில் என்று கிரெட்டா சொல்கிறாள். ஐரிஷ் பேசும் மேற்குப் பகுதியான கொனமாரா போகும் வழி அது. ஐரிஷ் என் மொழி இல்லை என்று கேப்ரியல் மிஸ் ஐவர்ஸிடம் சொல்கிறான், மேற்குக் கரையின் அரான் தீவுகளுக்கு வா என்ற அவள் அழைப்பையும் மறுக்கிறான். ஓ கைனின் நாவல் நடப்பது கொனமாராவின் ஒரு கல்லறைத் தோட்டத்தில், மண்ணுக்கு அடியில். கதைசொல்லி கிடையாது, வர்ணனை கிடையாது, முழுக்க முழுக்கப் பேச்சு. பேசுகிறவர்கள் எல்லாரும் இறந்தவர்கள். மேலே யார் நிலத்தை யார் எடுத்துக்கொண்டார்கள், யார் கல்லறைக்கு எவ்வளவு செலவு என்று புதிதாக வரும் ஒவ்வொரு பிணத்திடமும் அவர்கள் ஐரிஷில் விசாரித்துக்கொண்டே இருக்கிறார்கள்.